2என்3055 பெட்டி: பழைய ஆம்ப்ளிபையரைப் பத்தாண்டு பத்தாண்டாக முன்னே நகர்த்திய பதிவு

மைக் செட் கடைகளில் ஒரு காலத்தில் வரிசையாக அடுக்கியிருந்த இரும்புப் பெட்டிகளில் ஒன்று இது. ஒரே சேனல். முன்பக்கம் வால்யூம், பாஸ், டிரெபிள், ஒரு சிவப்பு நியான். பின்பக்கம் கறுப்பு ஹீட் சிங்க், அதன்மேல் 2என்3055 என்ற பவர் டிரான்சிஸ்டர் இரண்டு. உள்ளே பழுப்பு நிற பேக்கலைட் போர்டு. அதில் பெங்களூர் பாரத் எலக்ட்ரானிக்ஸ் முத்திரை போட்ட பிசி147, பிசி157 சிறு டிரான்சிஸ்டர்கள். பவர் டிரான்சிஸ்டர்களை ஓட்டும் டிரைவராக, நம் ஊர் மெக்கானிக்குகள் கண்ணை மூடிக்கொண்டு எடுக்கிற எஸ்எல்100, எஸ்கே100 ஜோடி. யார் கட்டியது என்று பெட்டியில் எங்கும் எழுதவில்லை.

ரிப்பேர் செய்து ஓட வைப்பதோடு நிறுத்த மனமில்லை. இதே பெட்டி, இதே ஹீட் சிங்க், முடிந்தவரை இதே 2என்3055. சர்க்யூட்டை மட்டும் காலவரிசைப்படி ஒவ்வொரு படியாக மாற்றி, ஒவ்வொரு படியிலும் அளந்து பார்ப்பது என்று முடிவு செய்தேன். புது ஐசி போர்டு ஒன்றை வாங்கி மாட்டினால் வேலை சீக்கிரம் முடியும்தான். ஆனால் 1950-களின் டிரான்சிஸ்டர் ஆம்ப்ளிபையருக்கும் இன்றைய ஆம்ப்ளிபையருக்கும் நடுவே உண்மையில் எது மாறியது என்பது அப்படிச் செய்தால் தெரியாது. புதுப்புது டிரான்சிஸ்டர்கள் வந்ததால்தான் ஒலி நன்றாகிவிட்டது என்று பலரும் நினைக்கிறார்கள். என் கருத்து வேறு. டிஸ்டார்ஷன், அதாவது ஒலியில் சேரும் சிதைவு, எந்த இடத்தில் பிறக்கிறது என்று ஆட்கள் ஒவ்வொன்றாகக் கண்டுபிடித்ததுதான் இந்த வளர்ச்சியில் முக்கால் பங்கு.

முதலில் உயிர் கொடுத்த கதை. நேராக மெயின்ஸில் செருகாமல், 60 வாட் பல்பை சீரிஸில் போட்டுத்தான் சுவிட்சைத் தட்டினேன். பழைய பெட்டி எதுவாக இருந்தாலும் இதைச் செய்யாமல் கரண்ட் கொடுக்காதீர்கள். பல்பு பளிச்சென்று எரிந்து உடனே மங்கினால் உள்ளே ஷார்ட் இல்லை. எரிந்துகொண்டே இருந்தால் உடனே பிடுங்கிவிடுங்கள். இதில் மங்கியது. சப்ளை 42 வோல்ட். இது ஒற்றை சப்ளை ஆம்ப்ளிபையர் என்பதால் அவுட்புட் டிரான்சிஸ்டர்கள் சேரும் நடுப்புள்ளியில் பாதி, அதாவது 21 வோல்ட் இருக்க வேண்டும். இருந்தது 14. இன்புட் டிரான்சிஸ்டருக்கு அந்தப் பாதி வோல்டேஜைக் காட்டும் டிவைடரை வடிகட்ட ஒரு 47 மைக்ரோஃபாரட் கண்டென்சர் உண்டு. அது உள்ளே ஒழுகி வோல்டேஜைக் கீழே இழுத்துக்கொண்டிருந்தது. மாற்றியதும் 21-க்கு வந்து நின்றது. உப்பியிருந்த பில்டர் கண்டென்சரும், ஸ்பீக்கருக்குப் போகும் 2200 மைக்ரோஃபாரட் கண்டென்சரும் புதுசு. வால்யூம் கன்ட்ரோலைக் கழற்றித் துடைத்தேன். பாட்டு வந்தது.

பாட்டு வந்தது, ஆனால் கேட்க முடியவில்லை. உரக்க வைத்தால் ஓரளவு சரி. வால்யூமைக் குறைத்து ஒரு வீணைப் பதிவைப் போட்டதும் கோளாறு முகத்தில் அடித்தது. மீட்டிய கணத்தில் ஸ்வரம் சுத்தமாக எழும்புகிறது. கமகம் தேய்ந்து அடங்கும்போது மணல் உரசுவது போல ஒரு கரகரப்பு சேருகிறது. ஒலி குறையக் குறையக் கரகரப்பின் பங்கு கூடுகிறது. பழைய மெக்கானிக்குகளுக்கு இது கிராஸ்ஓவர் டிஸ்டார்ஷன் என்று உடனே தெரியும். அலையின் மேல் பாதியை ஒரு பவர் டிரான்சிஸ்டரும் கீழ்ப் பாதியை மற்றொன்றும் ஓட்டுகின்றன; ஒன்றிடமிருந்து மற்றொன்றுக்குக் கைமாறும் இடத்தில் பிறக்கும் சிதைவு அது.

அளக்க நான் வைத்திருப்பது எளிமையான ஏற்பாடு: ஒரு யூஎஸ்பி ஆடியோ இன்டர்ஃபேஸ், கணினியில் ஒலியை அதிர்வெண் வாரியாகப் பிரித்துக் காட்டும் எஃப்எஃப்டி மென்பொருள், ஹீட் சிங்க்கில் அடித்த ஒயர்வவுண்ட் ரெசிஸ்டர்களால் ஆன, ஸ்பீக்கருக்குப் பதில் நிற்கும் 8 ஓம் டம்மி லோடு. அவுட்புட்டை நேரே இன்டர்ஃபேஸுக்குக் கொடுத்தால் அது போய்விடும். ரெசிஸ்டர் டிவைடர் போட்டு வோல்டேஜைக் குறைத்துத்தான் கொடுக்க வேண்டும். 1 கிலோஹெர்ட்ஸில் 15 வாட்டுக்கு டிஸ்டார்ஷன் சுமார் 0.2 சதவீதம். 1 வாட்டில் அது 0.6. மோசமானது அந்த எண்கூட இல்லை. மூன்று, ஐந்து, ஏழு என்று ஒற்றைப்படை ஹார்மோனிக்குகள் (மூல ஒலியின் அதிர்வெண்ணின் மடங்குகளில் சேரும் ஒலிகள்) திரையின் வலது ஓரம் வரை ஏறத்தாழ ஒரே உயரத்தில் நின்றன. வால்வு ஆம்ப்ளிபையரில் இரண்டாவது, மூன்றாவதோடு கதை முடிந்துவிடும். 1960-களில் வந்த டிரான்சிஸ்டர் ஆம்ப்ளிபையர்களின் விளம்பரத்தில் முழு வாட்டில் அளந்த எண் அழகாகத்தான் இருந்தது. வீட்டில் மக்கள் கேட்டதோ அரை வாட், ஒரு வாட்டில். காது சொன்னது சரி. தவறான இடத்தில் அளந்ததுதான் பிழை.

இந்தப் பெட்டியின் சர்க்யூட்டுக்கு ஒரு பிறந்த ஆண்டு உண்டு. 1956-ல் ஆர்சிஏ நிறுவனத்தில் இருந்த ஹங்-சாங் லின், இன்புட் டிரான்ஸ்பார்மரும் அவுட்புட் டிரான்ஸ்பார்மரும் இல்லாத ஒரு பவர் ஆம்ப்ளிபையரை வெளியிட்டார். அதற்கு முன் டிரான்சிஸ்டர் ஆம்ப்ளிபையர் என்றால் பெரும்பாலும் வால்வு சர்க்யூட்டின் நகல்தான்: ஒரு டிரைவர் டிரான்ஸ்பார்மர், ஒரு அவுட்புட் டிரான்ஸ்பார்மர், நடுவே ஜெர்மானியம் டிரான்சிஸ்டர் இரண்டு. பழைய பாக்கெட் ரேடியோவைத் திறந்தவர்களுக்கு அந்தக் குட்டி டிரான்ஸ்பார்மர்கள் நினைவிருக்கும். டிரான்சிஸ்டரில் கரண்ட் எதிரெதிர்த் திசையில் ஓடும் இரு வகை உண்டு, என்பிஎன், பிஎன்பி என்று. லின் செய்தது இதுதான்: மேல் பாதிக்கு என்பிஎன் டிரைவர், கீழ்ப் பாதிக்கு பிஎன்பி டிரைவர், ஆனால் பவர் டிரான்சிஸ்டர் இரண்டுமே ஒரே வகை. அதை குவாசி காம்ப்ளிமெண்டரி என்பார்கள். நல்ல பிஎன்பி சிலிக்கான் பவர் டிரான்சிஸ்டர் அடுத்த பத்துப் பன்னிரண்டு வருஷங்களுக்கு மலிவாகக் கிடைக்காததால், உலகம் முழுக்க இந்த ஏற்பாடே நிலைத்தது. நம் ஊரில் இன்னும் நெடுநாள் ஓடியது.

ஜெர்மானியத்தில் ஏசி127, ஏசி128 என்று என்பிஎன்னும் பிஎன்பியும் ஜோடியாகவே கிடைத்தன. பிரச்சினை சூடு. ஜெர்மானியத்தின் லீக்கேஜ் கரண்ட் சூடு ஏற ஏறப் பல மடங்காகும். அந்தக் கரண்டே மேலும் சூட்டைக் கொடுக்கும். கொஞ்ச நேரத்தில் டிரான்சிஸ்டர் தன்னைத் தானே எரித்துக்கொள்ளும். சித்திரை வெயிலில் தகரக் கொட்டகைக்குள் ஓடவேண்டிய ஆம்ப்ளிபையருக்கு அது ஆகாது. 2என்3055-க்கு ஜங்ஷன் 200 டிகிரி வரை தாங்கும் என்று டேட்டாஷீட் சொல்கிறது. 15 ஆம்பியர், 60 வோல்ட், 115 வாட். அது ஊர் ஊராகப் பரவியதற்கு வேறு காரணம் தேடவேண்டியதில்லை.

இப்போது அந்தக் கரகரப்பு. இந்த போர்டில் பையஸ் (டிரான்சிஸ்டரை விழிப்பு நிலையில் வைக்கும் சிறு வோல்டேஜ்) கொடுப்பது இரண்டு சிறு டயோடும், தொடரில் திருகித் திருத்தும் ரெசிஸ்டரான ஒரு 100 ஓம் பிரிசெட்டும். டயோடுகள் போர்டின் நடுவில் குளிர்ந்து கிடக்கின்றன. பவர் டிரான்சிஸ்டர்கள் பின்பக்கம் ஹீட் சிங்க்கில். சிலிக்கான் ஜங்ஷனின் வோல்டேஜ் ஒரு டிகிரிக்குச் சுமார் 2 மில்லிவோல்ட் குறையும். 40 டிகிரி சூடானால் 80 மில்லிவோல்ட். அதே பையஸ் வோல்டேஜ் நின்றால், 18 மில்லிவோல்ட் மிகுதியானாலே கரண்டை இரண்டு மடங்காக்கும் ஜங்ஷனில் 80 மில்லிவோல்ட் என்ன செய்யும் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். எமிட்டர் ரெசிஸ்டர்கள் இதை ஓரளவு அடக்கும், முழுக்க அடக்காது. இதைக் கட்டியவருக்கு இது நன்றாகத் தெரிந்திருக்கிறது. அதனால்தான் பிரிசெட்டைத் தாழ்த்தி, சும்மா இருக்கும்போது கரண்டே ஓடாதபடி வைத்து அனுப்பியிருக்கிறார். கல்யாண வீட்டில் நாள் முழுக்க ஓடினாலும் எரியாது. அந்தப் பாதுகாப்புக்கு விலையாகக் கொடுத்ததுதான் கமகத்தின் வால். குறை என்று சொல்ல எனக்கு மனசில்லை. அந்த டயோடு இருந்த இடத்துக்கு அதுதான் சரியான முடிவு.

ஆகவே முதல் மாற்றம் பையஸ். டயோடுகளை எடுத்துவிட்டு ஒரு பிடி139 டிரான்சிஸ்டரை ஹீட் சிங்க்கில், பவர் டிரான்சிஸ்டருக்குப் பக்கத்திலேயே மைக்காவும் பேஸ்ட்டும் வைத்துத் திருகினேன். அதன் மூன்று கால்களில் பேஸுக்கும் எமிட்டருக்கும் இடையில் ஒரு ரெசிஸ்டர், பேஸுக்கும் கலெக்டருக்கும் இடையில் ஒன்று. இரண்டின் விகிதப்படி ஜங்ஷன் வோல்டேஜைப் பெருக்கித் தரும் என்பதால் விபிஇ (பேஸ்-எமிட்டர் வோல்டேஜ்) மல்டிபிளையர் என்று பெயர். ஹீட் சிங்க் சூடானால் இதுவும் சூடாகும், பையஸ் தானாகக் குறையும். இதில் பிரிசெட்டை எங்கே வைப்பது என்பது உயிர் போகும் விஷயம். பேஸ்-எமிட்டர் பக்கம்தான் வைக்கவேண்டும். வருஷங்கள் கழித்து பிரிசெட்டின் கை தொடர்பு விட்டுப்போனால் பையஸ் குறையும், அவ்வளவே. கலெக்டர் பக்கம் வைத்திருந்தால் அதே கோளாறில் பையஸ் உச்சத்துக்குப் போய் இரண்டு 2என்3055-உம் போய்விடும். பழைய போர்டில் டயோடோடு தொடரில் நின்ற பிரிசெட்டிலும் இதே ஆபத்து இருந்தது.

சும்மா இருக்கும் கரண்டை மெல்ல ஏற்றியபோது 1 வாட் டிஸ்டார்ஷன் 0.6-லிருந்து 0.15-க்கு இறங்கியது. அதற்குமேல் எவ்வளவு திருப்பினாலும் இறங்கவில்லை. காரணம் சர்க்யூட்டிலேயே இருக்கிறது. மேல் பாதியில் டிரைவர், பவர் டிரான்சிஸ்டர் என இரண்டு ஜங்ஷன்களைத் தாண்டித்தான் சிக்னல் ஸ்பீக்கருக்கு வருகிறது. கீழ்ப் பாதியில் பிஎன்பி டிரைவரின் ஒரே ஜங்ஷன். ஒரு பாதி மெதுவாக விழிக்கிறது, மறு பாதி திடீரென்று விழிக்கிறது. எங்கே பையஸ் வைத்தாலும் இரண்டும் பொருந்தாது.

இதற்கு 1969-ல் வயர்லெஸ் வேர்ல்ட் என்ற ஆங்கில இதழில் பீட்டர் பேக்ஸண்டால் ஒரு மருந்து சொன்னார். பாஸ், டிரெபிள் கன்ட்ரோலுக்கு நாம் இன்றும் போடும் சர்க்யூட்டை 1952-ல் தந்த அதே பேக்ஸண்டால். கீழ்ப் பாதியில் பிஎன்பி டிரைவரின் எமிட்டரில் ஒரு டயோடு, அதற்கு இணையாக ஒரு ரெசிஸ்டர். கீழ்ப் பாதியும் மேல் பாதி மாதிரியே மெதுவாக விழித்துக்கொள்ளும். நான் போட்டது ஒரு சாதாரண 1என்4007-உம், மேல் பவர் டிரான்சிஸ்டரின் பேஸில் இருக்கும் ரெசிஸ்டருக்குச் சமமான 100 ஓமும். ஒரு ஜங்ஷன் கூடியதால் பையஸைச் சற்று உயர்த்த வேண்டியிருந்தது. 1 வாட்டில் 0.07. திரையில் வலது ஓரத்து ஹார்மோனிக்குகள் முக்கால்வாசி மறைந்தன. இரண்டு உதிரி, சில ரூபாய். வீணையை மறுபடி போட்டபோது கமகம் அடிவரை தேய்ந்து போனதைக் கேட்க முடிந்தது. இந்த வேலை முழுவதிலும் எனக்கு மிகவும் பிடித்த கட்டம் இதுதான். ஒரு டயோடை எந்த இடத்தில் வைப்பது என்ற யோசனை, டிரான்சிஸ்டரை மாற்றாமலே ஆம்ப்ளிபையரை ஒரு தலைமுறை முன்னே தள்ளுகிறது.

அதே 1969-ல், அதே இதழில், ஜான் லின்ஸ்லி ஹூட் இதற்கு நேர் எதிரான பாதையைக் காட்டினார். கிராஸ்ஓவரைச் சரிசெய்வானேன், அதுவே இல்லாமல் செய்துவிடலாம் என்று 10 வாட் கிளாஸ் ஏ ஆம்ப்ளிபையர். இரண்டு அவுட்புட் டிரான்சிஸ்டரும் எப்போதும் கரண்ட் ஓட்டிக்கொண்டே இருக்கும். அணைவதும் விழிப்பதும் கிடையாது. 8 ஓமுக்கு 27 வோல்ட் சப்ளையில் 1.2 ஆம்பியர். சும்மா இருக்கும்போதே சேனலுக்கு 32 வாட் சூடு. நான்கே டிரான்சிஸ்டர், அழகான சர்க்யூட், இன்றும் உலகெங்கும் கட்டுகிறார்கள். குளிர்கால இங்கிலாந்தில் அந்தச் சூடு வரவேற்பாகக்கூட இருந்திருக்கலாம். மே மாதத்து மதுரையில், மின்விசிறி அறைச் சூட்டையே சுற்றிச் சுற்றி அடிக்கும் வீட்டில், இந்தப் பெட்டியின் ஹீட் சிங்க்குக்கு அது கட்டுப்படியாகாது. அந்தப் பாதையை விட்டேன்.

1970-களுக்குப் போக பழைய போர்டு இடம் தரவில்லை. டாட் போர்டில் புதிதாகக் கட்டினேன். இந்தக் காலத்தின் பெரிய மாற்றங்கள் மூன்று: இரட்டை சப்ளை, இன்புட்டில் டிஃபரன்ஷியல் ஜோடி (இரண்டு சிக்னல்களின் வித்தியாசத்தைப் பெருக்கும் இரு டிரான்சிஸ்டர்கள்), உண்மையான பிஎன்பி பவர் டிரான்சிஸ்டர். 18-0-18 டிரான்ஸ்பார்மர் போட்டதில் பிளஸ், மைனஸ் 24 வோல்ட் வந்தது. 22-0-22 போட்டால் வாட் கூடும்தான். ஆனால் அப்போது மொத்தம் 60 வோல்ட். 2என்3055-இன் எல்லையே 60. இரவில் மெயின்ஸ் 250 தாண்டும் தெருவில் அந்தப் பந்தயம் வேண்டாம். கீழ்ப் பாதிக்கு பிஎன்பி வகையான எம்ஜே2955. குவாசி ஏற்பாடு முடிந்தது, மேலும் கீழும் கண்ணாடிப் பிம்பம்.

பவர் டிரான்சிஸ்டர் வாங்கும்போது கவனம். ஆர்சிஏ முதலில் செய்த 2என்3055 மெதுவானது, முரட்டு வகை. பிற்காலத்தில் எபிடாக்சியல் முறையில் வந்தவை அதைவிட வேகமானவை; பழைய சர்க்யூட்டில் அப்படியே மாட்டினால் காதுக்குக் கேட்காத அதிர்வெண்ணில் ஆசிலேஷன் வந்து, காரணமே இல்லாமல் ஹீட் சிங்க் கொதிக்கும். அவுட்புட்டில் 10 ஓமும் 0.1 மைக்ரோஃபாரடும் சேர்ந்த, ஆசிலேஷனை அடக்கும் ஜோபல் இருக்கிறதா என்று பாருங்கள். டூப்ளிகேட்டுகள் தனி ஆபத்து: தொப்பிக்குள் நெல்மணி அளவு சிப் வைத்து, வெளியே பெரிய எண் அச்சிட்டு விற்கிறார்கள். ஒரே தொகுதியில் ஒன்றை அரத்தால் திறந்து பார்ப்பதில் நஷ்டமில்லை.

இரட்டை சப்ளையில் ஸ்பீக்கருக்கு முன்னால் கண்டென்சர் கிடையாது. சுவிட்ச் போட்டதும் வரும் அந்த ‘டொப்’ போய்விடும், பாஸ் கீழே வரை இறங்கும். ஆனால் அந்தக் கண்டென்சர் ஒரு காவல்காரன் வேலையும் பார்த்துக்கொண்டிருந்தது. இனி ஒரு பவர் டிரான்சிஸ்டர் ஷார்ட் ஆனால் 24 வோல்ட் டிசி நேராக வாய்ஸ் காயிலில் பாயும். டிசி வந்தால் ஸ்பீக்கரைத் துண்டிக்கும், மியூபிசி1237 ஐசி வைத்த ரிலே போர்டு ஒன்றை சேர்க்காமல் ஸ்பீக்கர் மாட்டவில்லை.

டிஃபரன்ஷியல் ஜோடி டிரான்சிஸ்டர் காலத்துக் கண்டுபிடிப்பல்ல. வால்வில் ஆலன் ப்ளும்லைன் 1930-களிலேயே காப்புரிமை வாங்கிய யோசனை. பழைய போர்டில் இன்புட்டில் ஒரே டிரான்சிஸ்டர்: பேஸில் சிக்னல், எமிட்டரில் ஃபீட்பேக், அதாவது ஒப்பிட்டுத் திருத்துவதற்காக அவுட்புட்டிலிருந்து திரும்பி வரும் சிக்னல். ஒற்றை டிரான்சிஸ்டரின் வளைவு அப்படியே இரண்டாவது ஹார்மோனிக்காக வெளியே வரும். ஜோடியில் ஒன்றின் வளைவை மற்றொன்று அடித்துவிடும். ஒரு நிபந்தனை உண்டு: இரண்டிலும் சமமான கரண்ட் ஓட வேண்டும். அந்தக் காலத்து சர்க்யூட் பலவற்றில் இது கவனிக்கப்படவே இல்லை. நான் பிசி556 ஜோடிக்கு 4 மில்லிஆம்பியர் கொடுத்தேன், அதாவது பக்கத்துக்கு 2. ஒரு கலெக்டரிலுள்ள ரெசிஸ்டரின் மேல் அடுத்த கட்ட டிரான்சிஸ்டரின் 0.65 வோல்ட் நிற்கும். ஆக 330 ஓம் வைத்தால் சமம். 1 கிலோஓம் வைத்தால் ஒரு பக்கம் 0.65, மறுபக்கம் 3.35 மில்லிஆம்பியர். இரண்டையும் சாக்கெட்டில் மாற்றி மாற்றிச் செருகி 10 கிலோஹெர்ட்ஸில் பார்த்தேன். இரண்டாவது ஹார்மோனிக் 15 டெசிபெலுக்கு மேல் ஏறி இறங்கியது. ஒரு ரெசிஸ்டரின் மதிப்பில் இத்தனையும். வேறு எதையும் தொடவில்லை.

10 கிலோஹெர்ட்ஸில் அளப்பதற்குக் காரணம் உண்டு. 1 கிலோஹெர்ட்ஸில் ஃபீட்பேக் தாராளமாக இருக்கும், எல்லாப் பாவத்தையும் கழுவிவிடும். மேலே போகப் போக ஃபீட்பேக் குறையும், சர்க்யூட்டின் நிஜ முகம் தெரியும். ஹார்மோனிக்குகள் 20, 30, 40 கிலோஹெர்ட்ஸில் வரும் என்பதால் இன்டர்ஃபேஸை 192 கிலோஹெர்ட்ஸ் வேகத்தில் வைக்க வேண்டும்.

1970-ல் பின்லாந்தின் மட்டி ஒட்டாலா, திடீர் சிக்னல்களில் ஃபீட்பேக் வந்து சேர்வதற்குள் இன்புட் கட்டம் திணறிப்போகிறது என்று எழுதினார். டிஐஎம் (டிரான்சியன்ட் இன்டர்மாடுலேஷன்) என்ற பெயரில் அந்தப் பத்தாண்டு முழுக்க அதைப் பற்றிய பேச்சு. ஃபீட்பேக்கையே வில்லனாகப் பார்க்கிற பழக்கம் அப்போது பரவியது. இன்றும் மிச்சம் இருக்கிறது. கணக்கு எளிது. இன்புட் ஜோடியின் கரண்டை, ஆம்ப்ளிபையரை நிலைப்படுத்தும் அந்தச் சிறு கண்டென்சரால் வகுத்தால் ஸ்லூ ரேட், அதாவது அவுட்புட் எவ்வளவு வேகமாக மாற முடியும் என்பது. 4 மில்லிஆம்பியர், 150 பிகோஃபாரட்: மைக்ரோசெகண்டுக்குச் சுமார் 27 வோல்ட். 20 கிலோஹெர்ட்ஸில் 20 வோல்ட் உச்சத்துக்குத் தேவைப்படுவது 2.5 வோல்ட். பத்து மடங்கு கையிருப்பு. போதுமான கரண்ட் கொடுத்த இன்புட் கட்டத்துக்கு டிஐஎம் பயம் தேவையில்லை. 100 பிகோஃபாரடிலேயே ஓடியது, ஆனால் ஸ்கொயர் வேவின் முனையில் துள்ளல் இருந்தது. மெதுவான இந்தப் பவர் டிரான்சிஸ்டர்களுக்கு 150தான் அமைதியாக இருந்தது.

அதே பத்தாண்டில் பையஸ் தொல்லையிலிருந்து தப்பிக்க வேறு வழிகளும் வந்தன. குவாட் 405-ல் பீட்டர் வாக்கர், பவர் டிரான்சிஸ்டர்களுக்குப் பையஸே வேண்டாம் என்று வைத்து, ஒரு சிறு கிளாஸ் ஏ ஆம்ப்ளிபையரை அவற்றின் பிழையைத் திருத்தவிட்டார்; கரண்ட் டம்பிங் என்று பெயர், திருக வேண்டிய பிரிசெட்டே அதில் கிடையாது. ஹிட்டாச்சியின் 2எஸ்கே134, 2எஸ்ஜே49 லேட்டரல் மாஸ்பெட்டுகள் சூடானால் கரண்டைத் தாமே குறைத்துக்கொள்ளும். இவற்றைக் கட்டிப் பார்க்க ஆசைதான். அசல் உதிரி கைக்குக் கிடைத்தால் பார்க்கலாம்.

என் பெட்டியில் பையஸை எங்கே வைப்பது? 1971-ல் எச்பி நிறுவனத்தின் பார்னி ஆலிவர் ஒரு விடை கொடுத்தார்: ஒவ்வொரு எமிட்டர் ரெசிஸ்டரின் மேலும் சுமார் 26 மில்லிவோல்ட். 0.33 ஓமில் அது ஏறத்தாழ 80 மில்லிஆம்பியர். அதைவிடக் குறைத்தால் பழைய கரகரப்பு. கூட்டினால் நல்லது என்றுதான் தோன்றும், ஆனால் இரண்டு டிரான்சிஸ்டரும் சேர்ந்து வேலை செய்யும் நடுப்பகுதியில் கெயின் (பெருக்கம்) ஒரு மாதிரியும், ஒன்று மட்டும் வேலை செய்யும் வெளிப்பகுதியில் வேறு மாதிரியும் ஆகி, டிஸ்டார்ஷன் மறுபடி ஏறும். எஃப்எஃப்டியைப் பார்த்துக்கொண்டே பிரிசெட்டைத் திருப்பினால் கோடுகள் இறங்கி, ஓரிடத்தில் நின்று, மறுபடி எழும்புவதைக் கண்ணால் காணலாம். எனக்கு அந்தப் பள்ளம் 24 மில்லிவோல்டில் இருந்தது. இந்தக் கட்டத்தில் 1 வாட் எண் 0.02 சதவீதம்.

அடுத்த பாய்ச்சல் 1990-களுடையது. 1993-ல் டக்ளஸ் செல்ஃப், அந்த வயர்லெஸ் வேர்ல்டின் தொடர்ச்சியான இதழில் தொடர் ஒன்றைத் தொடங்கினார். புது சர்க்யூட் எதையும் அவர் கொண்டுவரவில்லை. லின் போட்ட அதே மூன்று கட்ட அமைப்பு. அதில் டிஸ்டார்ஷன் பிறக்கும் இடங்களை ஒவ்வொன்றாகப் பிரித்து, எண் போட்டு, தனித்தனியே அளந்து காட்டினார். எனக்கு இந்தத் துறையில் மிகுந்த மரியாதை அந்த வேலையின் மேல்தான். அவர் வழியில் மூன்று மாற்றம் செய்தேன். இன்புட் ஜோடியின் கலெக்டர்களில் ரெசிஸ்டருக்குப் பதில் இரண்டு பிசி546 வைத்த கரண்ட் மிரர். அது இரு பக்கக் கரண்டையும் தானே சமமாக்குகிறது, இனி அந்த 330 ஓம் கணக்கு வேண்டாம். வோல்டேஜைப் பெருக்கும் நடுக் கட்டத்துக்கு முன்னால் ஒரு எமிட்டர் ஃபாலோயர். அந்த நடுக் கட்டத்தின் லோடாக, பழைய பூட்ஸ்ட்ராப் கண்டென்சரை எடுத்துவிட்டு, பிடி140-இல் ஒரு கரண்ட் சோர்ஸ். மூன்றும் சேர்ந்து ஐம்பது ரூபாய் ஆகவில்லை.

இவ்வளவு செய்தும் 10 கிலோஹெர்ட்ஸில் இரண்டாவது ஹார்மோனிக் போக மறுத்தது. மிரரைச் சந்தேகித்தேன், டிரான்சிஸ்டர்களைச் சோதித்தேன், எல்லாம் சரி. கடைசியில் குற்றவாளி ஒயர். அலையைப் பாதி பாதியாகப் பிரித்து ஓட்டும் இந்த மாதிரி கிளாஸ் பி ஆம்ப்ளிபையரில் பிளஸ் ஒயரில் ஓடுவது சிக்னலின் மேல் பாதி மட்டும், மைனஸ் ஒயரில் கீழ்ப் பாதி மட்டும். அந்த அரை அலைகளின் காந்தப்புலம் இன்புட் ஒயரில் ஏறினால், அது எந்த ஃபீட்பேக்காலும் நீக்க முடியாத டிஸ்டார்ஷன். ஏனென்றால் ஆம்ப்ளிபையர் அதையும் பாட்டு என்றே எண்ணுகிறது. சப்ளை ஒயரை மரக்குச்சியால் நகர்த்தும்போதே திரையில் கோடு ஏறியது, இறங்கியது. பிளஸ், மைனஸ், கிரவுண்ட் மூன்றையும் சேர்த்து முறுக்கி, இன்புட்டிலிருந்து விலக்கிப் பெட்டியின் மறு ஓரமாகக் கொண்டுபோனேன். எர்த் எல்லாம் ஒரே புள்ளியில். ஃபீட்பேக்கை, இரண்டு எமிட்டர் ரெசிஸ்டரும் சேரும் இடத்தில் இல்லாமல், அங்கிருந்து ஸ்பீக்கர் டெர்மினலுக்குக் கிளம்பும் ஒயரின் தொடக்கத்திலிருந்து எடுத்தேன். கோடு விழுந்தது. செல்ஃபின் பட்டியலில் சப்ளை ஒயரின் காந்தப்புலத்துக்கும் ஃபீட்பேக் எடுக்கும் இடத்துக்கும் தனித்தனி எண் இருக்கிறது. பழைய பெட்டியில் ஹம் வருகிறது என்று கண்டென்சரை மேலும் மேலும் பெரிதாக்குகிற நண்பர்கள், முதலில் ஒயர் போகும் வழியைப் பார்க்க வேண்டும்.

இப்போது 1 கிலோஹெர்ட்ஸில் 1 வாட்டுக்கும் 15 வாட்டுக்கும் 0.003 சதவீதத்தை ஒட்டி நிற்கிறது. என் இன்டர்ஃபேஸின் சொந்த டிஸ்டார்ஷனே அந்த அளவுதான், அதற்குக் கீழே என்னால் பார்க்க முடியாது. 10 கிலோஹெர்ட்ஸில் 0.03. மேல் பாதியில் இருப்பது அதே பழைய 2என்3055.

ஒப்பிட்டுப் பார்க்க, மேசையில் ஒரு எல்எம்3886 ஐசி போர்டையும் ஒரு டிபிஏ3116 கிளாஸ் டி போர்டையும் வைத்திருந்தேன். எல்எம்3886 கிட்டத்தட்ட நான் இத்தனை நாள் கட்டியது முழுவதும் ஒரே சிப்புக்குள்: இன்புட் ஜோடி, கரண்ட் சோர்ஸ், அவுட்புட், சூட்டுப் பாதுகாப்பு எல்லாம். பவர் டிரான்சிஸ்டரும் அதன் சூட்டை உணர்வதும் ஒரே சிலிக்கான் துண்டில் இருப்பதால், நான் மைக்கா வைத்துத் திருகிய பிடி139-இன் தாமதம் அதற்கு இல்லை. கிளாஸ் டி வேறு உலகம்; அதில் அவுட்புட் டிரான்சிஸ்டர்கள் வேகமாகத் திறந்து மூடும் சுவிட்சாகவே ஓடும். 1964-லேயே சிங்க்ளேர் எக்ஸ்-10 என்று பல்ஸ் அகலத்தால் ஓடும் ஆம்ப்ளிபையர் கிட் விற்பனைக்கு வந்தது. அன்றைய டிரான்சிஸ்டருக்கு அந்த வேகம் கைகூடவில்லை. வேகமான மாஸ்பெட் வந்த பிறகும் அவுட்புட் பில்டரின் பிழை எஞ்சியது. ஃபீட்பேக்கை பில்டருக்குப் பிறகிலிருந்து எடுத்து, அந்தச் சிக்கலை 2000-களின் தொடக்கத்தில் பிலிப்ஸில் தீர்த்தவர் ப்ரூனோ புட்சிஸ். இங்கேயும் ஃபீட்பேக்கை எந்த இடத்திலிருந்து எடுப்பது என்பதுதான் கேள்வி. தீப்பெட்டி அளவு ஹீட் சிங்க்கில் 30 வாட் கொடுக்கும் அந்த போர்டை நான் குறைவாக நினைக்கவில்லை. பேட்டரியில் ஓட்டும் வேலைக்கு அதைத்தான் போடுவேன்.

இதே மாதிரி பெட்டி கையில் இருப்பவர்களுக்கு: முழு போர்டையும் மாற்ற வேண்டிய கட்டாயமில்லை. கண்டென்சர்களை மாற்றி, நடுப்புள்ளியைப் பாதி சப்ளைக்குக் கொண்டுவந்து, பையஸ் டிரான்சிஸ்டரை ஹீட் சிங்க்குக்கு மாற்றி, பேக்ஸண்டால் டயோடைப் போடுங்கள். ஒரு மாலை வேலை. பையஸைக் குறைந்த நிலையில் வைத்துத் தொடங்கி, சீரிஸ் பல்பை எடுத்த பின், கால் மணி நேரம் சூடாகவிட்டு மில்லிவோல்ட் மீட்டரை எமிட்டர் ரெசிஸ்டரின் மேல் வைத்துத் திருப்புங்கள். பிறகு முழு வாட்டில் அரை மணி ஓட்டி, உடனே மறுபடி பாருங்கள்; எண் ஏறிக்கொண்டே போனால் பிடி139 ஹீட் சிங்க்கைச் சரியாகத் தொடவில்லை என்று அர்த்தம், திருகைக் கழற்றி பேஸ்ட்டைப் பாருங்கள்.